மார்ச் மாத எண்

முதல் சந்திப்பில் முர்டோ காலண்டர் என்னைத் தோற்கடித்தார்.
விசைமானியை அவர் மணிக்கட்டுக்கு மேல் வைத்து,
"தள்ளுங்கள், நான் அசையமாட்டேன்" என்றேன்.
அசைந்தேன்.
நாற்காலியோடு பின்னால் போய்
அலமாரியில் இடித்துக்கொண்டேன்.
என்ன உடைந்தது என்று கேட்டுக்கொண்டே
நோலீன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இருபத்து மூன்று கிலோ.
தேதி போட்டு எழுதினேன்:
வலது முழங்கை, நீட்டல், மூன்று முயற்சி.
மூன்றில் பெரியதைத்தான் எழுத வேண்டும், சராசரி கூடாது.
படிவத்தில் இருக்கிற ஒரே கருணை அது.

பிளஃப் துறைமுகத்தில் சிப்பி திறப்பவர்.
ஃபோவோ நீரிணையின் குளிர் நீரிலிருந்து வரும் சிப்பி
ஒரே ஒரு தசையால் தன் வீட்டைப் பூட்டிவைத்திருக்கும்.
கத்தியை நுழைத்து அதை அறுத்தால் போதும்,
கதவு தானே விட்டுப்போகும்.
முப்பத்தாறு பருவம் அதைத்தான் செய்தார்,
ஒரு ஷிஃப்டுக்கு இருநூறு டஜன்.
"சிப்பிகளின் கணக்கு இப்போது என்னிடம் வந்திருக்கிறது" என்று
அவரே சொல்லிச் சிரித்ததால்
நானும் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

படிவம் கேட்கும்:
சாப்பாட்டை வெட்ட முடிகிறதா, நான்கிலிருந்து பூஜ்யம் வரை.
படுக்கையில் புரள முடிகிறதா. எச்சில் வழிகிறதா.
சிப்பிக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டார்.
அந்த வரி இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல், இருபத்து மூன்று.
மே, இருபத்து மூன்று.
டனீடனிலிருந்து மின்னஞ்சல் வந்தது: சரிவு இல்லை, நல்ல செய்தி.
நோலீன் ஆக்லாந்திலிருக்கும் தங்கையிடம்
நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று
தொலைபேசியில் இரண்டு தடவை சொன்னாள்.
நான் காலணியைத் தேவைக்கு மேல் நேரம் எடுத்து மாட்டினேன்.
ஏனென்றால் அவர் கட்டைவிரல் மேடு
சாப்பிட்டு வைத்த தட்டு போல் குழிந்துகொண்டிருந்தது.
சுண்டுவிரல் பக்கம் மட்டும் அப்படியே, ஒன்றும் நடக்காத மாதிரி.
குளிர்ந்த ஜெல்லைத் தடவி ஸ்கேன் செய்தால்
நார்களுக்குள் துடிப்புகள்,
யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்க்கிற தலைகள்.

இன்வர்கார்கிலுக்குத் திரும்பும் சாலையில்
ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது புரிந்தது.
எதிர்த்து நிற்கிற கை தாங்குகிற வரைதான்
விசைமானி எண் காட்டும்.
இருபத்து மூன்று
என் வலிமை.
மூன்று மாதமாக நான் என்னைத்தான் அளந்து
அவர் பெயரில் எழுதியிருக்கிறேன்.
அவர் முப்பதிலிருந்து இறங்கினாரா, நாற்பதிலிருந்தா,
அந்தப் படிக்கட்டு முழுவதும் இருட்டு.
எங்கோ மே மாதத்துக்குள்
நாங்கள் இருவரும் சமமாக இருந்த ஒரு நாள் போயிருக்கிறது.
அன்று நான் அங்கே இல்லை.

ஜூனில் விசைமானியைப் பட்டையால் சுவரில் கட்டினேன்.
சுவர் அசையாது. பத்தொன்பது.
எண்ணோடு உண்மையையும் சொன்னேன்.
நோலீன் கெட்டிலை அடுப்பில் வைக்கப் போனாள்,
அது ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தெற்குக் கரையில் 'ர'வை உருட்டித்தான் பேசுவார்கள்.
ஜூலையில் முர்டோவின் 'ர' உருளவில்லை,
தன் பெயரையே முடோ என்றார்.
மார்ச் எண்ணை அழித்துவிடவா என்று கேட்டேன்.
வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார்:
"விடு. உன்னால், எண்ண முடியாத, அளவுக்கு, இருந்தேன், என்று, எழுது."
அப்படி எழுத முடியாது.
நட்சத்திரக் குறி போட்டு, கீழே,
'அளப்பவரின் வரம்பு' என்று எழுதினேன்.

ஆகஸ்ட், பருவத்தின் கடைசி வாரம்.
எண் ஆறு.
நோலீன் மடியில் துண்டை விரித்துச் சிப்பி திறக்கிறாள்,
தப்பான இடத்தில் கத்தியைச் செருகி.
முர்டோ பார்க்கிறார்.
கை எழவில்லை, புருவம் எழுகிறது:
இன்னும் இடது, இன்னும், அங்கே.
திறந்ததை என்னிடம் நீட்டினாள்.
உப்பு. கடல். ஓட்டின் ஒரு சில்லு
பல்லில் நறநறத்தது.
துப்பாமல் விழுங்கினேன்,
அவர் பார்த்துக்கொண்டிருந்ததால்.